உடம்பு ஒண்ணு, ரத்தம் ஒண்ணு

உக்காருங்க அம்மிணி, எடமிருக்குது. இந்தப் பையைத்தான் வெச்சிருந்தேன், மடிமேல எடுத்து வெச்சுக்கறேன். என்ற புள்ளையோட ஸ்கூல் பைங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றப்பக்கூட அதைத் தோள்ல மாட்டாம வரமாட்டா.

ஆமாங்க, இப்ப உள்ள இருக்கறது என்ற புள்ளதான். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன், எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. "ஏங்க, புள்ளையைத் தனியா உள்ள உட்டுட்டு நீங்க வெளிய உக்காந்திருக்கறீங்க"ன்னு டோக்கன் குடுக்கற புள்ளகூடக் கேட்டுப்போட்டா. நானா வந்து உக்காந்தேன்? டாக்டரம்மா சொல்லிட்டாங்க. "இன்னைக்கு மொதல்ல பாப்பாகிட்ட மட்டும் பேசிக்கறேன், அம்மா கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு. பெத்தவளை வெளிய உக்கார வெச்சுட்டு ஆறாவது படிக்கிற புள்ளைகிட்ட என்னங்க பேச்சு? போலீஸ் ஸ்டேசன்லதான் இப்படித் தனித்தனியா விசாரிப்பாங்க. எனக்கு மொகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலீங்க. அதான் இந்தக் கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டேன்.

உங்க பையனுக்கு என்னங்க? தைராய்டா? அட, எங்களதும் அதேதாங்க. பயப்படாதீங்க, பெரிய வியாதியில்லீங்க. ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, அளவு தெரிஞ்சா தெனம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அளவு தெரிஞ்சா. அதுலதான் எங்களுக்குச் சிக்கலுங்க.

உங்களுக்கு முடி நல்லா அடர்த்தியா இருந்திருக்குமே, இவன் பொறந்த பொறவு கொட்டுச்சா? ஐயோ, கேக்கக் கூடாதுங்க. பழக்கதோசம். மொகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணு முடிக்குத்தான் போகும். நான் செய்யற தொழில் அப்படிங்க. முடி வளர்ற மாத்திரை விக்கறேன். கடை கிடையெல்லாம் இல்லீங்க, போன்லயே குரூப்பு வெச்சு விக்கறதுதான். ஈரோட்ல ஒரு லீடரம்மா இருக்கறாங்க, அவங்க பெட்டி பெட்டியா அனுப்பி உடுவாங்க. செவப்பு டப்பாங்க. உள்ள சத்து மாத்திரை. அதுல ஒண்ணும் தப்பில்லீங்க, அதை மட்டும் நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. கோபி பக்கம் எங்க ஊருக்கு வந்து என்ற பேரைச் சொல்லி, துளசிமணி மாத்திரைன்னு கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டறாருங்க. நல்லவருதான், வாயத் தொறந்து பேசத்தான் மாட்டாரு. நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனப்ப, அவரோட அக்கா ருக்குமணி, நங்கையான்னுதானுங்க நாங்க கூப்புடுவோம், என்னைய ஒரு மனுசியாவே மதிச்சதில்ல. ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்குப் போனா அவங்க முன்னால நடப்பாங்க, நான் பின்னால பந்தி எலையெடுக்கற ஆளாட்டம் போவேன். பத்தாவது பெயிலானவதானேன்னு நாலு பேர் முன்னால சொல்லியிருக்கறாங்க. அந்த நங்கையாவே மொத டப்பா வாங்கி, அவங்களுக்கு முன்நெத்தியில முடி மொளைச்சு, "எங்க துளசி குடுத்த மாத்திரை"ன்னு கல்யாண வீட்ல தலையைக் குனிஞ்சு குனிஞ்சு காட்டுனாங்க பாருங்க, அன்னைக்குத்தான் நான் அந்த வீட்டு மருமகளானேன். அதை எப்படிங்க நான் எழக்கறது? நீங்களே சொல்லுங்க.

புள்ள பேரு சம்யுக்தாங்க. சம்யுன்னு கூப்புடுவோம். அவளுக்கு முடின்னா முடி, இடுப்புக்குக் கீழ எறங்கும். எங்கம்மா வாகு. நான் மாத்திரை விக்க ஆரம்பிச்சப்ப லீடரம்மாதான் யோசனை சொன்னாங்க, வீட்லயே இப்படி ஒரு முடியை வெச்சுக்கிட்டு எதுக்கு வெளிய தேடறேன்னு. பின்னால திரும்பி நிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தேன். "எங்கள் மாத்திரை சாப்பிட்ட பின்"னு கீழ எழுதிப் போட்டேன். அப்ப அவ ஒரு மாத்திரைகூடச் சாப்புட்டதில்லீங்க. பொய்யின்னு சொல்லாதீங்க அம்மிணி, வெளம்பரம்னா அப்படித்தான். பொறகு குடுக்கத்தானே போறோம்னு நெனச்சேன். குடுத்தேனே. அந்தப் போட்டோ போகாத ஊரில்ல.

அப்பறம் பாருங்க, போன வருசக் கடைசீல இருந்து அந்த முடி கொட்ட ஆரம்பிச்சுது. சீப்புல வந்துச்சு, தலகாணியில வந்துச்சு, குளிக்கற எடத்துல அடைச்சுக்கிட்டுத் தண்ணி நின்னுச்சு. கூடவே புள்ளையும் ஒரு மாதிரி மந்தமாயிட்டா. உக்காந்தா உக்காந்த எடம். கிளாஸ்ல தூங்கறாள்னு டீச்சர் போன் பண்ணுனாங்க. பெரிய மனுசி ஆகற வயசு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லி வெச்சுட்டேன். பக்கத்து வீட்ல மூணாவது படிக்கிற புள்ள இவ உசரத்துக்கு வந்துருச்சு. அதையும் பாத்தேன். பாத்துட்டு, அவங்க அப்பன் நெட்டை, எங்க வீட்டுக்காரர் குட்டைன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

என்ற கவலையெல்லாம் முடிமேலதானுங்க. இவளோட முடியைப் பாத்து வாங்குனவங்க இவ தலையைப் பாத்தா என்ன சொல்லுவாங்க? அதனால மாத்திரையைக் கூட்டுனேன். ஒண்ணு குடுத்தேன், கொட்டுச்சு. ரெண்டாக்குனேன், கொட்டுச்சு. காலைல ரெண்டு, சாயந்தரம் ரெண்டுன்னு ஆச்சு. "சத்து மாத்திரைதானே, எச்சாப் போனா ஒண்ணுக்குல போயிரும்"னு லீடரம்மா சொன்னாங்க. ஸ்கூலுக்குப் போறப்ப சவுரி வெச்சுப் பின்னி உட்டேன். அவ தலையைக் குடுத்துட்டு உக்காந்திருப்பா. கழுத்தெல்லாம் கனக்குதும்மான்னு ஒரு நாள் சொன்னா. "அழகுன்னா கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்"னு சொன்னேன். கழுத்துல வீக்கம் இருந்துருக்குதுங்க. எனக்கு என்ன தெரியும்? சவுரியோட கனத்தைச் சொல்றாள்னு நெனச்சேன்.

எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது கும்மில. எங்க பக்கம் இப்ப வள்ளி கும்மி பழகாத ஊர் இல்லீங்க, உங்களுக்கே தெரியும். எங்க ஊர்லயும் ஒரு ஆசிரியர் வந்து பழக்குனாரு. அரங்கேற்றத்தன்னைக்குக் கோயில் மைதானம் முழுக்கச் சனம். எல்லாரும் ஒரே கலர்ல சேலை. நான் மொத வரிசையில உக்காந்துட்டு வீடியோ எடுத்துட்டு இருக்கறேன், குரூப்புல போடறதுக்கு. பாட்டு வேகம் புடிக்குது, எல்லாரும் குனிஞ்சு நிமுந்து சுத்தறாங்க, என்ற புள்ள மட்டும் ஒரு தட்டு பின்னாலயே வர்றா. ஆசிரியர் அவளைப் பாத்துக் கையைக் காட்டறாரு. அவசரமா ஒரு சுத்து சுத்துனா பாருங்க, சவுரி கழண்டு போயி முன்னால ஆடிட்டிருந்த பொம்பளை காலடியில உழுந்துருச்சு.

அவ நிறுத்தலீங்க. குனிஞ்சு எடுத்தா, இடுப்புல சொருகுனா, மறுபடியும் ஆடப் பாத்தா. முடியல. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. தலையில எலிவால் மாதிரி ஒரு பின்னல். சுத்தி நின்னவங்க அத்தனை பேரும் என்கிட்ட மாத்திரை வாங்குனவங்க. ஒருத்திகூடச் சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாக்கூடத் தேவல. எல்லாரும் என்ற பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

நான் என்ன செஞ்சிருக்கோணும்? ஓடிப் போயி புள்ளையைத் தூக்கியிருக்கோணும். நான் போனை அணைச்சுப் பைக்குள்ள வெச்சேன். அதைத்தான் மொதல்ல செஞ்சேன். பொறகு போயி அவ கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, வீட்டு வாசப்படியிலயே, "என்ற மானத்தை வாங்கிப்போட்டயே"ன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா? "நாளைக்கிருந்து இன்னும் ரெண்டு மாத்திரை சேத்திப் போட்டுக்கறேம்மா." அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அப்பக்கூட ஒண்ணும் ஒறைக்கலீங்க. புள்ளைக்கு அக்கறை இருக்குதேன்னு நெனச்சேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு சொன்னதே நங்கையாதான். அடுத்த நாள் வந்து பாத்தவங்க, "மொகமெல்லாம் ஊதிக் கெடக்குது, இது முடி சமாச்சாரமில்ல துளசி"ன்னாங்க. எங்கூர் டாக்டர்கிட்டப் போனோம். ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத் தைராய்டு எச்சாச் சுரக்குது, அடக்கறதுக்கு மாத்திரை தர்றேன்னு எழுதிக் குடுத்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. எச்சுத்தானே, கொறச்சல்னாத்தானே அசிங்கம்னு. இப்படியெல்லாமா ஒரு தாய் நெனப்பான்னு நீங்க பாக்கறது எனக்குத் தெரியுதுங்க. நெனச்சேன். சொல்றதுக்கென்ன.

அடக்கற மாத்திரை போடப் போடப் புள்ள இன்னும் கெட்டுப் போச்சு. சித்திரை வெயில்ல போர்வை கேட்டா. கையைத் தொட்டா பானைத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கும். கொரல் கம்மிப் போச்சு. வெளிக்குப் போக மாட்டாம அழுவா. சோத்துத் தட்டு முன்னாலயே தூங்கி உழுவா. திரும்பப் போயிக் கேட்டா, அந்த டாக்டர் ரிப்போர்ட்டையும் புள்ளையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "கொழந்தைங்களுக்கு ஹார்மோன் பாக்கறவங்க கோயமுத்தூர்ல இருக்கறாங்க, அங்க காட்டுங்க"ன்னு சீட்டெழுதித் தாட்டி உட்டுட்டாரு. அந்தாளு மேல எனக்குக் கோவமான கோவம். புள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டானேன்னு ஊரெல்லாம் சொன்னேன். இப்ப யோசிச்சா, பாவம், அவருக்கு ரத்தம் சொன்னதை அவரு செஞ்சாரு.

இந்த டாக்டரம்மாவை நீங்க பாத்திருக்கறீங்களா? இல்லியா, இதான் மொதத் தடவையா? பாதித் தலை நரைங்க, ஒரு சாயம்கூட அடிக்க மாட்டாங்க. ஆனா கை நல்ல கை. போன வாரம் நங்கையாவும் நாங்களும் வந்தப்ப, சம்யுவோட கையைப் புடிச்சு நாடியைப் பாத்தாங்க. எச்சில் முழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பாத்தாங்க. காலைத் தொங்கப் போடச் சொல்லி, சின்னச் சுத்தியல்ல முட்டியைத் தட்டிட்டு, தூக்குன காலு மெல்ல மெல்லக் கீழ எறங்கறதையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வெச்சுட்டு எங்கிட்டச் சொன்னாங்க. "உடம்பைப் பாத்தா தைராய்டு ரொம்பக் கம்மி. ரத்தத்தைப் பாத்தா ரொம்ப ஜாஸ்தி. உடம்பு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. உடம்பு பொய் சொல்லாதும்மா."

அடக்கற மாத்திரையை அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாங்க. பொறகு கேட்டாங்க. "வீட்ல வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா? டானிக், நாட்டு மருந்து, சத்து மாத்திரை? முடிக்கு, நகத்துக்குன்னு கடையில விக்கறது ஏதாவது?"

முடிக்குன்னு சொன்னவொடனே நான் பக்கத்துல திரும்பிப் பாத்தேன். எனக்கு இந்தப் பக்கம் நங்கையா உக்காந்திருக்கறாங்க. கொண்டையில பூ வெச்சுட்டு. புள்ளைக்குப் பொறவி முடி, போட்டோ வெறும் வெளம்பரத்துக்குத்தான், மாத்திரை குடுக்கறதில்லேன்னுதான் அவங்க நெனச்சிருந்தாங்க; நான் சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். மாத்திரைனால புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு ஒரு சொல்லு இந்த ரூம்ல உழுந்துச்சுன்னா, நாங்க பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள அது முன்னால போயிச் சேந்துரும். "ஒண்ணுமில்லீங்க"ன்னேன். சட்டுனு வந்துருச்சு வாயில.

அந்தம்மா உட்டாங்களா? சம்யு பக்கம் திரும்பி, "நீ சொல்லு கண்ணு, அம்மா வேற ஏதாவது மாத்திரை குடுக்கறாங்களா"ன்னு கேட்டாங்க. அவ டாக்டரைப் பாக்கலீங்க. என்னையப் பாத்தா. என்ற மொகத்துல என்ன இருந்துச்சோ. "இல்லீங்க டாக்டர்"னா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சோம், ஆளுக்கு ஒரு கையா. அப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. என்ற புள்ள என்னைய உட்டுக் குடுக்கலேன்னு.

ரத்தம் எடுக்கற எடத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கறாங்க, நீங்க போறப்பப் பாருங்க. நங்கையா பன்னு வாங்கப் போயிருந்தாங்க. சம்யு சுவத்தைப் பாத்துச் சத்தமாப் படிக்கறா, எழுத்துக்கூட்டற புள்ள மாதிரி மெதுவா. "முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு முன் தெரிவிக்கவும். முடிவு தவறாக வரலாம்." படிச்சுட்டு, "அம்மா, நம்ம டப்பாவுலயும் இதேதான் போட்டிருக்குது"ன்னா. "அது பெரியவங்களுக்குக் கண்ணு. நீ வாய மூடு"ன்னேன். மூடிக்கிட்டா. கையை நீட்டுனா, ஊசி போட்டுக்கிட்டா. ரிப்போர்ட்டு அன்னைக்கும் அதே மாதிரிதான் வந்துச்சு, தலைகீழா.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாத்தாங்க. அப்பறம், "கழுத்துல வீக்கம் இருக்குது, தைராய்டைத் தாக்கற எதிர்ப்பு அணு ரத்தத்துல இருக்குதான்னு எல்லாம் பாக்கணும், ஆனா இந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் நான் ஆரம்பிக்க முடியாது. கொறையறதுக்கும் குடுக்க முடியாது, கூடறதுக்கும் குடுக்க முடியாது. ஒரு வாரம் வேற எதையுமே குடுக்காதீங்க, திரும்ப எடுக்கலாம். வளர்ற வயசும்மா. போற மாசம் திரும்பி வராது"ன்னாங்க. அதோட, அடுத்த தடவை பாப்பாகிட்ட மட்டும் மொதல்ல பேசறேன்னு சொன்னாங்க. எங்கண்ணைப் பாத்துச் சொன்னாங்க. கண்டுபிடிச்சுட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஆனா நான் நிறுத்திப்போட்டேன் அம்மிணி. சத்தியமா. வீட்டுக்குப் போனவொடனே டப்பா அத்தனையும் பீரோ மேல தூக்கிப் போட்டுட்டேன். கெட்டிக்காரின்னு என்னைய நானே மெச்சிக்கிட்டேன். ஒரு வாரம் குடுக்காம இருந்தா ரத்தம் சரியாயிரும். ரிப்போர்ட்டு சரியா வரும். டாக்டரம்மா சரியான மாத்திரை குடுப்பாங்க, புள்ள தேறிக்குவா. யாருகிட்டயும் எதையும் சொல்ல வேண்டியதில்ல. நங்கையாவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. அடுத்த மாசம் ஈரோட்ல எங்களுக்கு மீட்டிங்கு. மேடையில கூப்பிட்டுச் சால்வை போடறாங்க எனக்கு. அதுவும் நல்லபடியா முடிஞ்சுரும்னு கணக்குப் போட்டேன்.

இன்னைக்கு வெள்ளெனப் பஸ்ஸுல வர்றோம். நங்கையா முன் சீட்ல தூங்கறாங்க. சம்யு என்ற மடியில. தண்ணி பாட்டல் எடுக்கலாம்னு இந்தப் பையைத் தொறந்தேன். நோட்டுக்கு அடியில கருப்பா என்னமோ கையில படுது. எடுத்துப் பாத்தா சவுரி. கும்மில கழண்டு உழுந்துச்சே, அதே சவுரி. பந்தாட்டம் சுத்தி வெச்சிருக்கறா. பிரிச்சா, உள்ள டப்பா. செவப்பு டப்பா. பாதி காலி.

எழுப்பிக் கேட்டேன். ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தாளாம். தெனம் ஸ்கூலுக்குப் போற வழியில போட்டுக்கறாளாம். இன்னைக்குக் காலைலயும் போட்டிருக்கறா. எதுக்குடீன்னு கேட்டேன். "நீதான் நிறுத்திட்டயேம்மா. முடி இன்னும் கொட்டுது. மேடைக்கு என்னையும் கூப்புடுவாங்கன்னு சொன்னயில்ல, அதுக்குள்ள வளரோணுமில்ல. கும்மில மாதிரி உனக்கு மறுபடியும் அவமானமாயிருச்சுன்னா என்ன பண்றது?"

அந்தக் கம்மிப்போன கொரல்ல கேக்கறா. எனக்கு அவமானமாயிருமாம்.

என்ன அம்மிணி, அழுகறீங்களா? நானே அழுகல. எனக்கு அழுகை வரலீங்க, கூச்சமா வருது. உடம்பெல்லாம் கூசுது. கும்மியன்னைக்கு வந்தது கூச்சமேயில்லன்னு இப்பத்தான் தெரியுது.

சரி, தெரிஞ்சுச்சே, இங்க வந்து சொன்னயான்னு கேப்பீங்க. சொல்லலீங்க. ரத்தம் எடுக்கறப்பச் சொல்லியிருக்கலாம். அந்த நோட்டீஸுக்கு நேரா நின்னேன். நங்கையா பக்கத்துலயே நின்னு, "துளசி, புள்ள கையைப் புடிச்சுக்க"ன்னாங்க. புடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. ரத்தம் குழாயில ஏறறதைப் பாத்துட்டே நின்னேன், இதுவும் பொய்தான் சொல்லப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே. இப்ப நங்கையா கீழ டீ வாங்கப் போயிருக்கறாங்க. உள்ள டாக்டரம்மா இவகிட்டக் கேட்டுட்டு இருப்பாங்க. என்ற மனசு என்ன வேண்டுது தெரியுங்களா? அவளே சொல்லிப்போடட்டும்னு வேண்டுது. அவ வாயில வந்துட்டா நான் சொல்ல வேண்டியதில்லையே. புள்ளையைச் சொல்ல வெச்சுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறேன். பாருங்க, இப்பக்கூட.

உங்க பையனுக்கு நீங்க ஏதாச்சும் குடுக்கறீங்களா? சத்து மாவு, டானிக்கு, சொந்தக்காரங்க குடுத்தது? குடுத்தா சொல்லிப்போடுங்க அம்மிணி. பக்கத்துல யாரு இருந்தாலும் சொல்லிப்போடுங்க. எல்லாருக்கும் சொல்றேன் பாருங்க, நல்லாத்தான் சொல்றேன்.

கதவு தொறக்குது. வா சாமி, இங்க வா. ஊசி போட்ட எடம் வலிக்குதா? அந்தப் பஞ்சை அமுக்கிப் புடிச்சுக்க. என்ன கேட்டாங்க டாக்டர்? மெதுவாச் சொல்லு, மூச்சு வாங்குது உனக்கு.

என்ன சொன்ன?

கேட்டீங்களா அம்மிணி. என்ற காதுல வந்து சொல்றா, உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? "இல்லேன்னுதாம்மா சொன்னேன். உன்னையப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நீ பயப்படாத"ங்கறா.

இந்தா கண்ணு, நீ இந்த அக்கா பக்கத்துல உக்காரு. தம்பிகூடப் பேசிட்டிரு. இல்ல, பையை உங்கிட்டக் குடுக்க மாட்டேன், அம்மா எடுத்துட்டுப் போறேன். அதுக்குள்ள இருக்கறது எல்லாம் அம்மாவோடது.

இவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க அம்மிணி, தூங்கி உழுந்துருவா, தோள்ல சாச்சுக்கங்க. நான் உள்ள போகோணும். அடுத்த டோக்கன் கூப்பிட்டாக்கூடப் பரவால்ல, திட்டுனாத் திட்டிக்கட்டும்.

அதோ, படியேறி வர்றாங்க பாருங்க, கையில டீயோட, கொண்டையில பூ வெச்சுட்டு. அவங்கதான் நங்கையா. துளசி எங்கன்னு கேப்பாங்க. கேட்டா, உள்ளயே வரச் சொல்லுங்க.